ரயிலடிப் பாட்டின் ஏழாவது துண்டு

என் மகள் தன்ஷிகா இப்போது தூங்குகிறாள், அவள் தூங்குவதால்தான் இதை எழுத எனக்கு இரண்டு கையும் கிடைத்திருக்கிறது, அவள் தூங்காமல் கிடந்த அந்த ஐந்து நாளும் எங்கள் காம்பவுண்டில் ஒன்பது வீட்டிலும் யாருக்கும் கை ஓடவில்லை, அது ஊருக்கு வந்த கேடு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, அது என் கையால் வந்தது, இன்னும் சரியாகச் சொன்னால் என் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வந்தது.

திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் இருக்கிற எல்லாருமே பனியனால் பிழைக்கிறவர்கள். என் வீட்டுக்காரர் முத்திருளன் ஓவர்லாக் டெய்லர். நாலாம் வீட்டு ஜபருல்லா அண்ணன் கட்டிங் மாஸ்டர். முதல் வீட்டில் காம்பவுண்டின் சொந்தக்காரி மயிலாத்தக்கா, அவள் மட்டும் எதையும் தைப்பதில்லை, நாங்கள் தைத்துப் போடுகிற குப்பையைக் கூட்டுவதே அவளுக்குப் பெரிய உத்தியோகம். நான் செய்வது எல்லாவற்றுக்கும் தலைகீழான வேலை. கம்பெனியில் கோணலாகத் தைத்துப்போன பனியன்களை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள், நான் தையலைப் பிரித்துக் கொடுப்பேன், அவர்கள் திரும்பத் தைத்துக்கொள்வார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சங்கிலித் தையலுக்கு இரண்டு முனை, ஒரு முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும், இன்னொன்றை இழுத்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை சர்ரென்று ஒரே ஓட்டமாக வந்துவிடும். எது எந்த முனை என்று என் விரலுக்குத் தெரியும். எனக்கு ஆள் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது, ஆனால் விரல் ஒருநாளும் திக்கியதில்லை.

தன்ஷிகாவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் தூங்குவது ஒரே ஒரு பாட்டுக்கு. கதாநாயகி ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்து வராத ரயிலுக்காகப் பாடுகிற பழைய பாட்டு அது, படம் யாருக்கும் ஞாபகமில்லை, பாட்டை எல்லாரும் ரயிலடிப் பாட்டு என்றுதான் சொல்வோம். தினமும் மதியம் இரண்டரை மணிக்கு ரேடியோவில் வரும், ராத்திரிக்கு அதையே போனில் போட்டுவிடுவோம். பாட்டு தொடங்கினால் என் மகள் கையிலிருப்பதைக் கீழே போடுவாள், முதல் சரணத்தில் என் தோளில் சாய்வாள், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணின் குரல் நின்று ஒரு புல்லாங்குழல் வரும், கால் நிமிஷம்கூட இருக்காது, அந்த இடத்தில் கண் சொருகிவிடும். பிறந்ததிலிருந்து இப்படித்தான், மாமியார் பாடிப் பார்த்தார், மிட்டாய் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தோம், குழந்தைக்கு அந்தக் குழல் வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மடியில் பிரிக்க வேண்டிய பனியன், அலமாரியில் ரேடியோ, ரேடியோவில் ரயிலடிப் பாட்டு, பாட்டின் ஓரத்தில் ஒரு நூல் முனை தொங்கிக்கொண்டிருந்தது. எந்தத் தையலிலும் பிசிறு தொங்கினால் என் கை சும்மா இருக்காது. நான் யோசிக்கவேயில்லை, பிடித்தேன், இழுத்தேன், சரியான முனையாகத்தான் இருந்திருக்கிறது, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சர்ரென்று ஒரே ஓட்டமாக வந்துவிட்டது, பாட்டு துண்டு துண்டாக என் மடியில் விழுந்தது, எண்ணினேன், ஏழு துண்டு. ரேடியோ சும்மா இருந்தது. தன்ஷிகா பாதி சாய்ந்த தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

சாப்பிட வந்த வீட்டுக்காரர் என் மடியைப் பார்த்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் நின்றார்.

"பாட்டைப் பிரிச்சுட்டியா மீனா?"

"முனை தொங்குச்சுங்க."

"அது சரி. நம்பர் ஒட்டிட்டுப் பிரிச்சியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பனியன் தொழிலில் எவ்வளவு சின்னத் துண்டானாலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டாமல் கையை விட்டு இறக்கக் கூடாது, பதினாலாம் நம்பர் கை பதினாலாம் நம்பர் உடம்பில்தான் ஏற வேண்டும், இல்லையென்றால் எது எதோடு சேரும் என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது. பாட்டு பிரிந்துபோனதைப் பற்றிக் காம்பவுண்டில் யாரும் அதிசயப்படவில்லை, தைத்தது எதுவானாலும் பிரியத்தானே செய்யும், ஆனால் நம்பர் ஒட்டாமல் பிரித்தேன் என்பதைக் கேட்ட ஒவ்வொருவரும் வாசலில் வந்து நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஜபருல்லா அண்ணன் கழுத்தில் டேப்போடு வந்தார். பாயை விரித்து ஒவ்வொன்றாகத் தூக்கி உதறினார், உதற உதற அது அது தன் சத்தத்தைச் சொன்னது. அந்தப் பெண்ணின் குரல் முன்பக்கத் துணிபோல அகலமாக இருந்தது. தாளம் இடுப்பு எலாஸ்டிக்போல இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பியது. வயலின்கள் உள்துணி, விரல் தெரிகிற மெல்லிசு. கூட்டமாக ஹம்மிங் பாடுகிறவர்கள் ஒரு துண்டு, தொடக்கத்தில் வருகிற வீணை ஒரு துண்டு. கறுப்பாக, கனமாக ஒன்று இருந்தது, அது அடியில் ஓடுகிற தடித்த கிடார், இத்தனை வருஷம் கேட்டும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, அதைத் தூக்கியதும் மற்ற எல்லாத் துண்டும் லேசாகிப் பறக்கப் பார்த்தன. ஏழாவது, உள்ளங்கை அகலத்தில் வெளிர்பச்சையாக ஒரு சின்னத் துண்டு, பாக்கெட் அளவு. அதுதான் குழல்.

"நாளைக்கு ஒக்காந்து பொருத்திப் பாப்போம், தங்கச்சி. எதையும் கலைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கலைக்கவில்லை. புதன்கிழமை காலையில் நான் குழாயடிக்குப் போன நேரத்தில் மயிலாத்தக்கா என் வாசலைக் கூட்டினாள். வாசலோரம் காற்றில் ஒதுங்கிக் கிடந்த வெளிர்பச்சைத் துண்டு அவள் கண்ணுக்கு வெட்டுத்துணி, வெட்டுத்துணி என்றால் சாக்கு, புதன்கிழமை என்றால் வேஸ்ட் வியாபாரி வருகிற நாள். நான் குடத்தோடு திரும்பும்போது வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எந்தப் போனில் ரயிலடிப் பாட்டைப் போட்டாலும் நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி சத்தமில்லாமல் ஓடி நின்றது. டீக்கடையில் முதல் நாள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பழகிக்கொண்டார்கள், மூன்றாம் நாள் இரண்டரை மணிக்கு அந்த வெறும் நாலு நிமிஷத்தைப் போட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அதையே ரிங்டோனாக வைத்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர் நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார். வாயால் பாடுகிறவர்களுக்குப் பாட்டு அறுந்து அறுந்துதான் வந்தது, குழல் வருகிற இடத்தில் சுத்தமாக ஒன்றுமில்லை, வாய் திறக்கும், காற்று வரும், அங்கே ஏதோ இருந்தது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

தன்ஷிகா தூங்கவில்லை. செவ்வாய் தூங்கவில்லை, புதன் தூங்கவில்லை, அழவுமில்லை, அழுதிருந்தால் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், ரேடியோவுக்குக் கீழே வந்து நின்றாள், அண்ணாந்து பார்த்தாள், திரும்ப நடந்தாள். வியாழக்கிழமை டாக்டர் அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, எடையைப் பார்த்து, "திங்கட்கிழமைக்குள்ள தூங்கலைன்னா கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்துடுவேன்மா. இந்த வயசுக்கு இது தாங்காது" என்றார்.

திரும்பி வந்தபோது மயிலாத்தக்கா என் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வாடகைக்காரர் வாசலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மிணி, டாக்டரு என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"என்ற கை இருக்குது பாரு, இது சுத்தம் சுத்தம்னே கெடுத்துப்போடுச்சு. வேஸ்ட்காரனுக்குப் போன் போட்டேன், அது அப்பவே மில்லுக்கும் பட்டறைக்கும் பிரிஞ்சு போயிருச்சுங்கறான். என்னைய ரெண்டு வார்த்தை வைய்யி அம்மிணி, மனசு ஆறிக்கும்."

எனக்கு வையவும் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், தன்ஷிகா எங்கள் இரண்டு பேர் முழங்காலையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் ஆறு துண்டையும் வைத்துத் தைத்துப் பார்த்தோம். கறுப்புக் கிடாருக்கு மேல் தாளம், தாளத்துக்கு மேல் குரல், எங்கே சேரும் என்று பழைய ஊசித் துளையைப் பார்த்துப் பார்த்து நானும் வீட்டுக்காரரும் பொருத்தினோம், இழுத்த பழைய நூலையே நீவி நீவிப் போட்டோம். பாட்டு வந்தது. தன்ஷிகா தோளில் சாய்ந்தாள். காம்பவுண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. குழல் வருகிற இடத்தில் ஒரு ஓட்டை, காற்று வீசியது, குழந்தை முன்னைவிடப் பெரிதாகக் கண்ணை விழித்துக்கொண்டாள்.

ஜபருல்லா அண்ணன் டேப்பை மடித்தார். "ஒரு சாம்பிள்ல ஒரு பீஸ் தொலைஞ்சா என்ன பண்ணுவோம் தங்கச்சி? அழுவமா? அதே மாதிரி தச்ச வேற சட்டையப் பிரிச்சு, எப்படி வெட்டியிருக்கான்னு பாப்போம். பாத்துட்டு நாமளே வெட்டுவோம்."

"எனக்குப் பாட்டு தெரியாதுண்ணே."

"எனக்கு மட்டும் வெள்ளைக்காரன் ஒடம்பு தெரியுமா? அவனுக்கும் சேத்துத்தானே வெட்டுறேன்."

வெள்ளிக்கிழமையிலிருந்து பாட்டு வர ஆரம்பித்தது. ஒன்பது வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு பாட்டை, கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் கொடுக்கிறதுபோலக் கொண்டுவந்து வைத்தார்கள், காதல் பாட்டு, சாவு வீட்டுப் பாட்டு, ஆறாம் வீட்டு ஒடிசாப் பையன்கள் அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்று. சட்டம் ஒன்றுதான், முதலில் நம்பர், பிறகு பிரிக்க வேண்டும், பார்த்ததும் உடனே தைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒழுங்காகவே கொடுத்தேன். ஒரு காதல் பாட்டில் மட்டும் இரண்டாம் வரிக்கு முன்னால் மடிப்பு விழுந்துவிட்டது, இன்றைக்கும் அந்த இடத்தில் பாடகர் தொண்டையைச் செருமுகிறதுபோல இருக்கும், எப்போதும் அப்படித்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

பிரிக்கப் பிரிக்க விரலுக்குப் புரிய ஆரம்பித்தது. அடியில் ஓடுகிற கனத்த துண்டு, குரல் மேலே ஏறும்போதெல்லாம் கீழே இறங்குகிறது, இரண்டும் சேர்ந்து ஏறினால் பாட்டு பறந்துவிடும், சேர்ந்து இறங்கினால் அமுங்கிவிடும், எதிரும் புதிருமாக இழுத்தால்தான் சட்டை உடம்பில் நிற்கிறது. நடுவில் வருகிற வாத்தியத் துண்டு எதுவாக இருந்தாலும் குரல் விட்ட இடத்திலிருந்து அரை அங்குலம், குரல் தொடங்கப்போகிற இடத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே மடித்து வாங்கியிருக்கிறது, அதனால்தான் கேட்கிறவர்களுக்குத் தையல் தெரிவதில்லை. இதெல்லாம் தெரிந்தது, ஆனால் அந்தத் துண்டுக்கான துணி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மயிலாத்தக்கா தன் ரேடியோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் காலைக் கச்சேரி ஓடியது, ஒரு பெரியவர் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார், ராகம் மோகனம் என்று அறிவிப்பாளர் சொல்லியிருந்தார்.

"துணிக்குப் பேரெல்லாம் வச்சிருக்கறாங்க பாரம்மிணி. இதையும் பிரிச்சுப்போடு."

கீர்த்தனையை மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டையான தையல், எத்தனையோ காலமாக எத்தனையோ பேர் போட்ட தையல் மேலேயே திரும்பத் திரும்பத் தைத்துத் தைத்து இறுகிப்போன தையல். நம்பர் ஒட்டினேன், முனையைத் தேடினேன், இழுத்தேன். பாயில் விரித்தேன். அது ரயிலடிப் பாட்டின் அதே துணி. அதே ஐந்து இழை, ஐந்தே ஐந்து, ஆறாவது இழை எங்கேயும் இல்லை. ரயிலடிப் பாட்டில் நாலு நிமிஷத்துக்குள் ஓட்டமாக வெட்டியிருந்தது, இங்கே பெரியவர் அவசரமே படவில்லை. முதல் வரியை விரித்தார், மடித்தார், திரும்ப அதையே விரித்தார், ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டார், திரும்ப அதையே, இன்னொரு மூலை, எட்டுத் தடவை அதே வரி, ஒவ்வொரு தடவையும் ஒரு சுருக்கம் கூட. தாளத்தின் அடி விழுகிற இடத்திலும் அவர் ஆரம்பிக்கவில்லை, அடி விழட்டும் என்று விட்டுவிட்டு அரை மூச்சு தள்ளித்தான் வாயைத் திறந்தார், அந்த அரை மூச்சில்தான் கேட்கிறவர் முன்னால் சாய்கிறார். கடைசியில் வேகவேகமாக சுரம் பாடுகிற இடத்துத் துண்டுகளைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. அத்தனையும் முதல் வரியின் வெட்டுத்துணி. முதல் வரியின் கழுத்தில் வெட்டியது, கையிடுக்கில் வெட்டியது, அந்தப் பிறைப் பிறையான மிச்சங்கள். அவர் எங்கேயும் போய்ப் புதுத் துணி வாங்கவில்லை.

கீர்த்தனையை அவசரமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, பத்திரமாக மடித்து வைத்திருந்த ரயிலடிப் பாட்டை மறுபடி பிரித்தேன், இந்தத் தடவை நம்பரோடு. குரல் துண்டைத் திருப்பிப் போட்டேன். உள்பக்கம் தையலுக்கு விட்ட ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு இருந்தது. எவ்வளவு தாராளமாக விட்டிருக்கிறார் பாட்டைக் கட்டின அந்த மனுஷன், யாரோ ஒருத்தி என்றைக்காவது பிரித்துத் தொலைப்பாள் என்று தெரிந்ததுபோல.

ஜபருல்லா அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கத்தரியை நீட்டினார், நான் வாங்கிக்கொள்ளாமல் அவரையே வெட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"நான் வெட்டக் கூடாது. பிரிச்சது யாரு?"

அந்த ஓரத்திலிருந்து வெட்டினேன். அந்தப் பெண் ரயில் வரும் என்று மேலே ஏறிப் பாடுகிற வரியின் ஓரம் அது, ஐந்து சுரம் ஏறுகிறது. தூங்கப்போகிற பிள்ளைக்கு ஏற்றம் எதற்கு என்று நினைத்து அதைத் தலைகீழாகத் திருப்பினேன், இறங்கியது. அடி விழுந்து அரை மூச்சு விட்டேன். ஒருமுறை இறங்கட்டும், திரும்ப அதே இறக்கம், ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டேன், மூன்றாம் தடவை பாதியிலேயே நின்று, இரண்டாம் சரணத்தில் குரல் எடுக்கிற சுரத்துக்கு அரை அங்குலம் உள்ளே போய் மடிந்தது. உள்ளங்கை அகலத் துண்டு. சனிக்கிழமை முழுக்க அதற்கே ஆயிற்று. அன்றும் தன்ஷிகா சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள், இப்போது நடுவில் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மிஷினில் உட்கார்ந்தேன். பழைய நூல் ஆறு துண்டுக்கும் சரியாக இருந்தது. ஏழாவதைத் தைத்திருந்த நூல் அந்தத் துண்டோடேயே சாக்கில் போயிருந்தது. வீட்டில் இருந்த எந்த நூலைக் கோத்தாலும் அறுந்தது, பருத்தி அறுந்தது, பாலியெஸ்டர் அறுந்தது. வீட்டுக்காரர் பழைய நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முறுக்கைப் பிரித்தார், முகர்ந்தார்.

"மீனா, இது குரலு. பாட்டைக் கட்டுனவர் தைக்கும்போது கூடவே முனகியிருக்காரு."

"நீங்க முனகுங்க."

"துண்டு உன்னோடது. என் குரல் ஒட்டுமா?"

வாசலில் ஒன்பது வீடும் நின்றது. நான் பிறந்ததிலிருந்து யார் முன்னாலும் பாடியதில்லை, என் மகளுக்குக்கூட ரேடியோதான் பாடியது. மணி இரண்டு இருபது. தன்ஷிகா என் காலடியில் உட்கார்ந்து மிஷின் மிதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

மயிலாத்தக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"என்ன, பொண்ணு பாக்க வந்தவங்களாட்ட நிக்கறீங்க? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. செவுத்தப் பாருங்க. அண்ணா, நீங்களும்தான். திரும்பிப் பாக்கறவங்க நாளைக்கே வீட்டைக் காலி பண்ணோணும்."

திரும்பினார்கள். ஜபருல்லா அண்ணன் திரும்பினார், ஒடிசாப் பையன்கள் ஒன்றும் புரியாமலே திரும்பினார்கள், என் வீட்டுக்காரரும் சுவரைப் பார்த்து நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார், கடைசியாக மயிலாத்தக்காவும் திரும்பிக்கொண்டாள். அத்தனை முதுகையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் தொண்டை இளகியது, மிதியை மிதித்தேன், முனக ஆரம்பித்தேன், ஊசி இறங்க இறங்க என் வாயிலிருந்து நூல் போனது, மெலிசாகப் போனது, ஒரு இடத்தில் நடுங்கியது, அறுந்துவிடவில்லை.

கடைசித் தையலைக் கடித்து எடுக்கும்போது ரேடியோவில் மணி இரண்டரை. பாட்டு தொடங்கியது. வீணை வந்தது. குரல் வந்தது. தன்ஷிகாவைத் தூக்கித் தோளில் போட்டேன், முதல் சரணத்தில் சாய்ந்தாள். குரல் நின்றது. அடி விழுந்தது. அரை மூச்சு. குழல் இறங்கியது, திரும்ப இறங்கியது, மூன்றாம் தடவை பாதியில் நின்று குரலிடம் கொடுத்தது, என் தோளில் ஒரு கனம் கூடியது. பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். விழித்திருக்கிற பிள்ளை லேசாக இருக்கும், தூங்கின பிள்ளைதான் கனக்கும்.

"திரும்பலாமா அம்மிணி?" என்று சுவரைப் பார்த்தபடியே குசுகுசுத்தாள் மயிலாத்தக்கா.

"திரும்புங்கக்கா."

ஜபருல்லா அண்ணன் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தார். மயிலாத்தக்கா தெருமுனைக்குப் போய்க் கம்பெனி வேன்காரரிடம் ஹாரன் அடித்தால் டயரைக் கிழிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாள், வந்தவள் நடைபாதையில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள், ஒன்பது வீடும் கதவைத் திறந்து போட்டு இருந்த இருந்த இடத்தில் தூங்கியது. தன்ஷிகா திங்கட்கிழமை மதியம்வரை தூங்கினாள். எழுந்ததும் சோறு கேட்டாள். டாக்டர் எடை பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர்ச் சீட்டை எழுதாமலே பேனாவை மூடினார்.

அதற்குப் பிறகு எல்லா ரேடியோவிலும் எல்லாப் போனிலும் என் துண்டோடுதான் ரயிலடிப் பாட்டு ஓடுகிறது. ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் ஒருவர் அந்தக் குழலைச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார், நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன மாதம் வண்டி நின்றுபோய்ப் பல்லடம் ரோட்டில் ஒரு மெக்கானிக் கடையில் நின்றோம். மதியம், தன்ஷிகா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைக்க வேஸ்ட் துணி ஒன்றை எடுத்தார், உதறினார், குழல் கேட்டது. அழுக்கேறிப்போயிருந்தாலும் மடிப்புக்குள் வெளிர்பச்சை தெரிந்தது.

"இது ஒண்ணு மட்டும் தொடைக்கத் தொடைக்கப் பாடுதுக்கா. அதான் தூக்கிப்போடாம வச்சிருக்கேன்" என்றார்.

கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓரத்தைத் திருப்பினேன். குரலின் ஓரத்தில் வெட்டிய அதே துணிதான், அதே ஐந்து சுரம், அதே அரை மூச்சு. பாட்டைக் கட்டியவர் அதைத் திருப்பாமல் அப்படியே ஏறவிட்டிருந்தார், ஏறி ஏறி உச்சியில் ஒரு நொடி நின்றது, ரயில் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்கிறதுபோல. அழகாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் நெஞ்சின் ஓரத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று, அடுத்தவர் பாட்டைக் கெடுத்துவிட்டேனோ என்கிற ஒன்று, அந்த இடத்திலேயே பிரிந்து விழுந்தது. அவரும் ஓரத்துத் துணியில்தான் தைத்திருக்கிறார்.

"வேணும்னா எடுத்துக்கக்கா" என்றார் மெக்கானிக்.

தன்ஷிகா என் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு கனமாகத் தூங்கினாள்.

"வேண்டாண்ணே. வச்சுத் தொடைங்க" என்றேன். "கிழிஞ்சா மட்டும் சொல்லுங்க, தச்சுத் தர்றேன்."